சோதனைக்கு முன்பே மருந்து: லினக்ஸில் ஹைபர்னேட் பழுதைத் தேடும் முறை

லினக்ஸ் கணினியில் ஹைபர்னேட் தவறும்போது பெரும்பாலும் எதுவும் உடைந்த மாதிரியே தெரியாது. மூடி வைத்த மடிக்கணினியைத் திறந்து பொத்தானை அழுத்தினால் வழக்கம்போலத் தொடங்கும், கடவுச்சொல் கேட்கும், உள்ளே போனால் வெறும் முகப்புத் திரை. பிழைச் செய்தி எதுவும் வராது. திறந்து வைத்திருந்த ஆவணங்களும், உலாவியின் தாவல்களும், பாதியில் விட்ட நிரலும் மட்டும் இருக்காது. கணினியைக் கேட்டால் தான் ஒழுங்காகத்தான் தொடங்கியதாகச் சொல்லும். பயனருக்கோ வேலை போயிற்று.

இந்தப் பழுதைத் தேடிப் பிடிக்க லினக்ஸ் உலகில் ஒரு நடைமுறை பல ஆண்டுகளாக உருவாகி நிலைத்திருக்கிறது. அதில் உண்மையிலேயே உயர்ந்த கருவிகள் உண்டு. கர்னலைத் திறந்து, எந்தப் படியில் எந்தச் சாதனம் மறுத்தது என்று பார்க்கும் வசதியை அது சாதாரணப் பயனரின் கையிலேயே கொடுக்கிறது. ஆனால் பெரும்பாலோர் அந்தக் கருவிகளைத் தொடுவதே இல்லை. யாரோ ஒருவருக்கு வேலை செய்த கர்னல் அளவுருவை நகலெடுத்து ஒட்டுகிறார்கள், மறுதொடக்கம் செய்கிறார்கள், சரியாகவில்லை என்றால் அடுத்ததை ஒட்டுகிறார்கள். நோய் எதுவென்று பார்க்காமல் மருந்தை மாற்றி மாற்றிக் கொடுப்பதுதான் இது. இதில் பயனரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஹைபர்னேட் அமைந்திருக்கும் விதமே அவரை அந்தப் பக்கம் தள்ளுகிறது.

கர்னல் என்ன செய்கிறது என்று முதலில் பார்த்துவிடலாம். சஸ்பெண்ட் செய்தால் ரேமுக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பேட்டரி தீர்ந்தால் எல்லாம் போகும். ஹைபர்னேட்டில் ரேமில் உள்ளது வட்டின் ஸ்வாப் பகுதிக்குப் போய்விடும், கணினி முழுதாக அணைந்துவிடும். சொல்ல எளிது, செய்ய அப்படியில்லை. ஓடிக்கொண்டிருக்கும் செயல்கள் எல்லாம் உறைய வைக்கப்படுகின்றன. போதிய நினைவகம் காலி செய்யப்படுகிறது. சாதனங்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படுகின்றன. ஒரு சிபியு தவிர மற்றவை அணைக்கப்படுகின்றன. எதுவும் அசையாத அந்தக் கணத்தில் நினைவகத்தின் பிரதி ரேமுக்குள்ளேயே எடுக்கப்படுகிறது. பிரதியை வட்டில் எழுத வேண்டுமே, அதற்காகச் சாதனங்கள் மறுபடி எழுப்பப்படுகின்றன. எழுதி முடித்ததும் எல்லாம் மீண்டும் அணைகின்றன.

திரும்பி வருவது இதைவிடச் சிக்கல். பொத்தானை அழுத்தியதும் புதிதாக ஒரு கர்னல் தொடங்குகிறது. அது வட்டைக் கண்டுபிடித்து, பிரதி இருக்கும் இடத்தை அறிந்து, ரேமில் ஏற்றி, தான் விலகிப் பழைய கர்னலிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அந்தப் பழைய கர்னல் பார்க்கும் வைஃபை சில்லும் வரைகலை அட்டையும் அது விட்டுப்போன நிலையில் இருப்பதில்லை. இடையில் மதர்போர்டின் ஃபர்ம்வேரும் இன்னொரு கர்னலும் அவற்றைத் தொட்டிருக்கின்றன. ஒவ்வொரு டிரைவரும் இதைத் தாங்கியாக வேண்டும். ஒன்று சறுக்கினாலும் திரை கருப்பாகவே நின்றுவிடும்.

இந்த வசதி 2002-ல், 2.5 வரிசைக் கர்னலில் சேர்ந்தது. பாவெல் மாகெக் அதை முன்னெடுத்தார். பின்னாளில் ரஃபேல் வைசாக்கி மின்மேலாண்மைப் பகுதி முழுவதையும் பராமரிக்கும் பொறுப்புக்கு வந்தார். இன்னொரு பக்கம் நைஜல் கன்னிங்ஹாம் டக்ஸ்ஆன்ஐஸ் என்ற மாற்று வடிவத்தைப் பல ஆண்டுகள் தனியாக வளர்த்தார். வசதிகளில் அது முந்தி நின்றபோதும் மையக் கர்னலுக்குள் கடைசிவரை வரவில்லை. பெரும்பாலான கர்னல் உருவாக்குநர்களுக்கு அன்றாடத் தேவையாக இல்லாத ஒரு வசதியைச் சிலர் மட்டும் சுமந்தார்கள். இன்று நாம் காணும் விரிசல்கள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது.

அந்த விரிசல்களில் மிகப் பெரியது எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவில் இருக்கிறது. இதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஸ்வாப் பகுதியின் முதல் பக்கம் 4096 பைட். அதன் கடைசிப் பத்து பைட்டுகளில் 'ஸ்வாப்ஸ்பேஸ்2' என்ற குறி ஆங்கில எழுத்தில் இருக்கும். நினைவகப் பிரதியை எழுதி முடித்ததும் கர்னல் அந்தக் குறியை அழித்து 'எஸ்1சஸ்பெண்ட்' என்று மாற்றி எழுதுகிறது. அடுத்த முறை பூட் ஆகும்போது யாராவது அந்தப் பக்கத்தைப் பார்த்தால் உள்ளே பிரதி இருப்பது தெரியும். பார்ப்பது யார்? வட்டிலுள்ள கோப்பு முறைமை இணைக்கப்படுவதற்கு முன் ஓடும் சின்னஞ்சிறு தொடக்கச் சூழலான இனிட்ராம்எஃப்எஸ்தான் அதைச் செய்ய வேண்டும். எந்த வட்டில் பார்ப்பது என்று அதற்கு 'ரெஸ்யூம்' அளவுரு வழியாக யாராவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிராவிட்டால் அது பார்க்காமலே கடந்துவிடும். சற்று நேரத்தில் ஸ்வாப்பை இயக்கும் கட்டளை வருகிறது. அந்தக் குறியைக் கண்டு, பழைய ஹைபர்னேட் மிச்சம் என்று முடிவு செய்து, குறியைத் திரும்ப 'ஸ்வாப்ஸ்பேஸ்2' ஆக்குகிறது. பிரதிக்குப் போகும் வழி அத்தோடு அழிந்தது. பயனருக்கு வெறும் முகப்புத் திரை.

இதில் எந்த உறுப்பும் தவறு செய்யவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கர்னல் எழுதச் சொன்னபடி எழுதியது. இனிட்ராம்எஃப்எஸ் சொல்லாததைச் செய்யவில்லை. ஸ்வாப் கட்டளை பழைய பிரதியொன்று பின்னாளில் தவறாக ஏறிவிடாமல் காத்தது. ஆனால் 'ரெஸ்யூம்' அளவுரு இல்லாவிட்டாலும் கர்னல் முதலில் கிடைக்கும் ஸ்வாப்பைப் பிடித்து எழுதிவிடும். படிக்க ஆள் உண்டா என்று தெரியாமலே எழுதுவதற்கு இடம் கொடுத்தது வடிவமைப்புக் குறை. பல ஆண்டுகளாக மக்கள் இழந்த வேலையில் பெரும்பங்கு இந்த ஒரே ஓட்டை வழியாகப் போனது என்று நினைக்கிறேன்.

ஆகவே பழுதைத் தேடும்போது முதல் கேள்வி "எந்த டிரைவர்?" என்பதாக இருக்கக் கூடாது. எழுதுவதில் தவறா, படிப்பதில் தவறா என்பதுதான் முதல் கேள்வி. இதற்குக் கர்னலிலேயே அருமையான சோதனை ஒன்று இருக்கிறது. சிஸ் அடைவின் பவர் பகுதியில் 'டிஸ்க்' என்ற கோப்பில் 'டெஸ்ட் ரெஸ்யூம்' என்று எழுதிவிட்டு ஹைபர்னேட் செய்தால், கர்னல் பிரதியை வட்டில் எழுதி, கணினியை அணைக்காமல், அதே பிரதியை உடனே படித்து மீள முயலும். பூட்லோடர், இனிட்ராம்எஃப்எஸ், ரெஸ்யூம் அளவுரு எதுவும் இந்தச் சுற்றில் வராது. இது தேறி, நிஜ ஹைபர்னேட் தவறினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது தொடக்கப் பாதையை. அப்போது டிரைவர்களைக் குடைவது வீண். இது தேறாவிட்டால் கிரப் பூட்லோடரின் அமைப்பைத் திரும்பத் திரும்பத் திருத்துவது வீண். இரண்டு மூன்று நிமிட வேலையில் பிரச்சினையின் பாதிப் பரப்பு விலகிவிடுகிறது. இத்தனை பயனுள்ள சோதனை உதவிக் குறிப்புகளின் அடியில் எங்கோ கிடக்கிறது என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

எழுதும் பக்கம்தான் தவறு என்று தெரிந்தால் அடுத்த கருவி 'பிஎம் டெஸ்ட்'. இதில் ஐந்து படிகள்: ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசஸர்ஸ், கோர். ஃப்ரீசர் என்று வைத்தால் செயல்களை உறைய வைத்து, ஐந்து விநாடி காத்திருந்து, திரும்ப விடும். டிவைசஸ் என்று வைத்தால் அதோடு சாதனங்களையும் நிறுத்தி எழுப்பிப் பார்க்கும். இப்படி ஒவ்வொரு படியாக ஆழம் போகலாம். ஃப்ரீசரில் நிற்கும் பழுது மென்மையானது. எந்தச் செயல் உறைய மறுக்கிறதோ அதன் பெயரை, இருபது விநாடி பொறுத்துவிட்டு, பதிவேட்டில் எழுதிக் கணினி தானாகத் திரும்பிவிடும். இணைப்பு அறுந்த பிணைய அடைவில் காத்துக் கிடக்கும் செயல் பல நேரம் அங்கே பிடிபடும். அந்த அடைவை விலக்கிவிட்டால் ஹைபர்னேட் நடந்துவிடும். இதற்குப் போய் யாராவது பயாஸைப் புதுப்பித்துக்கொண்டிருந்தால் பாவம்.

டிவைசஸ் படியில் கணினி உறைந்து நின்றால்தான் உண்மையான கடினம் தொடங்குகிறது. இங்கே ஹைபர்னேட் தன் சாட்சியத்தைத் தானே அழித்துவிடுகிறது. வட்டு நிறுத்தப்பட்ட பிறகு நடப்பதைப் பதிவேட்டில் எழுத முடியாது. மீளும்போது ரேம் முழுவதும் பழைய பிரதியால் நிரம்புவதால், பிரதி எடுத்த பிறகு வந்த செய்திகளும் போய்விடும். முந்தைய பூட்டின் பதிவேட்டைத் திறந்தால் ஹைபர்னேட் தொடங்குகிறது என்ற வரியோடு நின்றிருக்கும். பயனர் அந்தக் கடைசி வரியையே காரணம் என்று எண்ணிவிடுகிறார். அது காரணம் இல்லை. எழுத முடிந்த கடைசி வரி, அவ்வளவுதான்.

இந்த இருட்டைத் துளைக்கவும் வழிகள் உண்டு. கன்சோலை அணைக்காதே என்று கர்னலுக்குச் சொல்லும் அளவுரு ஒன்று உண்டு. திரை உயிரோடு இருக்கும்வரை செய்திகள் அதில் ஓடும். 2006-ல் லினக்ஸை உருவாக்கிய லைனஸ் டோர்வால்ட்ஸ் சேர்த்த 'பிஎம் டிரேஸ்' வேறு வகை. எல்லா நினைவகமும் நம்ப முடியாத அந்த வேளையில் கணினியில் மிஞ்சியிருப்பது மதர்போர்டின் கடிகாரம். எந்தச் சாதனத்தை எழுப்பப் போகிறோம் என்பதன் சுருக்க எண்ணை அந்தக் கடிகாரத்திலேயே கர்னல் எழுதிவைக்கிறது. கணினி உறைந்ததும் மூன்று நிமிடத்துக்குள் மறுதொடக்கம் செய்தால், புதிய கர்னல் அந்த எண்ணைப் படித்து, பொருந்தும் சாதனத்தின் பெயரைப் பதிவேட்டில் சொல்லும். தேதியும் நேரமும் தாறுமாறாகியிருக்கும், பிறகு சரிசெய்துகொள்ளலாம். சஸ்பெண்டுக்காகப் பிறந்த கருவி என்றாலும், சாதனங்களை எழுப்பும் கட்டத்தில் நிற்கும் பழுதுக்கு இங்கும் துப்பு கொடுக்கும். வேறு போக்கிடம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தைக் குறிப்பேடாக்கிய அந்த யோசனையைப் படிக்கும்போதெல்லாம் மதிப்பு கூடுகிறது. ஆனால் சுருக்க எண் ஒன்றுக்கு மேற்பட்ட சாதனங்களுக்குப் பொருந்தலாம். அதைத் தீர்ப்பாக எடுக்கக் கூடாது, சந்தேகப் பட்டியலாக எடுக்க வேண்டும்.

நடைமுறையின் பலம் இது. இப்போது அதன் நோய்க்கு வருகிறேன்.

இந்தச் சோதனைகள் இருக்கும்போதே உதவி கேட்பவருக்கு முதலில் கிடைப்பது அளவுருக்களின் கொத்து. ஃபர்ம்வேரிடம் வேறு இயங்குதளம்போல நடிக்கச் சொல்லும் ஏசிபிஐ அளவுரு, வரைகலை முறையை முடக்கும் 'நோமோட்செட்', இன்னும் சில. நோமோட்செட் போட்டால் வரைகலை டிரைவரின் பெரும்பகுதி செயலிழக்கும். சாதனத்தை முறையாக நிறுத்தி எழுப்பும் திறனும் அதோடு போகும். ஹைபர்னேட்டுக்கு அது உதவுவதைவிடக் கெடுப்பதே அதிகம். அதைவிட மோசம், பலன் தராத அளவுருவை யாரும் எடுப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகச் சேர்ந்து, கடைசியில் எது எதைக் கெடுக்கிறது என்று யாருக்கும் தெரியாத நிலை வருகிறது. ஒரு மாற்றம், ஒரு சோதனை, பலனில்லை என்றால் திரும்ப எடு என்ற அடிப்படை ஒழுங்கு இங்கே பெரும்பாலும் காணோம்.

நகலெடுத்த கட்டளை எப்படிக் கெடுக்கும் என்பதற்கு ஸ்வாப் கோப்பு நல்ல எடுத்துக்காட்டு. முன்பு ஸ்வாப் தனிப் பகிர்வாக இருந்தது. உபுண்டு 17.04 முதல் புதிய நிறுவல்களில் ஸ்வாப் ஒரு கோப்பாக மாறியது. கோப்பு என்றால் அது இருக்கும் வட்டை மட்டும் சொன்னால் போதாது. வட்டில் அது எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற எண்ணையும் சொல்ல வேண்டும். எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் 'ஃபைல்ஃபிராக்' கட்டளை காட்டும் முதல் துண்டின் எண் அதற்குப் பொருந்தும். அதே கட்டளையை பிடிஆர்எஃப்எஸ்ஸில் ஓட்டினாலும் ஓர் எண் வரும், பிழை எதுவும் வராது. ஆனால் அது பிடிஆர்எஃப்எஸ்ஸின் உள்கணக்கு முகவரி, வட்டின் முகவரி இல்லை. அந்த எண்ணைக் கொடுத்தால் கர்னல் வேறெங்கோ உள்ள பக்கத்தைப் படிக்கும், அங்கே குறி இருக்காது, பிரதி இல்லை என்று ஒரு வரி எழுதிவிட்டு வழக்கம்போலத் தொடங்கிவிடும். பிடிஆர்எஃப்எஸ்ஸுக்கென்றே சரியான எண்ணைத் தரும் தனிக் கட்டளை இப்போது அதன் கருவித்தொகுப்பில் இருக்கிறது. கோப்பு முறைமை எது என்று கேட்காமல் சொல்லப்படும் எந்த வழிமுறையும் இங்கே தவறான வழிமுறைதான்.

ஃபெடோரா 33 முதல், அதாவது 2020 கடைசியிலிருந்து, அங்கே இயல்பாகக் கிடைப்பது இசட்ரேம். அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் ஸ்வாப். மின்சாரம் போனால் அதுவும் போகும் என்பதால் ஹைபர்னேட்டுக்கு உதவாது. ஸ்வாப் இருக்கிறதா என்று பார்த்தவருக்கு இருக்கிறது என்றே பதில் வரும். அந்தப் பதிலில் ஏமாந்து நேரம் இழந்தவர்கள் ஏராளம். அளவு விஷயத்திலும் ரேமைப்போல் இரு மடங்கு என்ற பழைய சூத்திரம் இன்னும் உலவுகிறது. பிரதியை ரேமுக்குள்ளேயே எடுப்பதால் அது ரேமில் பாதியைத் தாண்ட முடியாது. கர்னல் இயல்பாக இலக்கு வைப்பதோ ஐந்தில் இரண்டு பங்கு. 16 ஜிபி ரேமுக்கு ஏறக்குறைய 6.4 ஜிபி. அதையும் சுருக்கித்தான் எழுதுகிறது. ரேம் அளவுக்கு ஸ்வாப் இருந்தால் தாராளம். அன்றாடப் பயன்பாட்டிலேயே ஸ்வாப் நிரம்பியிருந்தால்தான் இடம் போதாமல் போகும். பூட் நேரத்தில் உருவாகும் தற்காலிகச் சாவியால் ஸ்வாப்பைக் குறியாக்கம் செய்திருந்தால் இவ்வளவும் பயனற்றது. அணைந்ததும் சாவி மறைந்துவிடும், எழுதிய பிரதியை எவராலும் திறக்க முடியாது.

செக்யூர் பூட் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் இங்கே பழுது என்று நினைக்கப்படுவது பழுதே இல்லை. 2019-ல் வந்த 5.4 கர்னலில் லாக்டவுன் என்ற காப்பு சேர்ந்தது. செக்யூர் பூட் இயங்கும் கணினியில் சில பெரிய லினக்ஸ் வழங்கல்கள் அதைத் தானாக இயக்குகின்றன. லாக்டவுன் இருந்தால் ஹைபர்னேட் மறுக்கப்படும். காரணம் நியாயமானது: கையொப்பம் சரிபார்த்துக் கர்னலை ஏற்றிவிட்டு, யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கக்கூடிய பிரதியை வட்டிலிருந்து எடுத்து அதன் மேல் அப்படியே ஏற்றினால் அந்தச் சரிபார்ப்புக்குப் பொருளில்லை. பிரதியை டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லின் துணையோடு பூட்டி வைக்கும் யோசனைகள் பேட்ச்களாக முன்வைக்கப்பட்டன. மையக் கர்னல் அவற்றை ஏற்கவில்லை. இந்த நிலையில் வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை, செக்யூர் பூட்டை அணைத்துவிடுங்கள் என்பது. வேலை நடக்கும்தான். ஆனால் எதை விட்டுக்கொடுத்து எதை வாங்குகிறோம் என்று அந்த அறிவுரை சொல்வதில்லை. வீட்டு மேசையில் இருக்கும் கணினிக்கு அந்த விலை சிறிது. பத்திரிகையாளரோ வழக்கறிஞரோ ரயிலில் தூக்கிப்போகும் மடிக்கணினிக்கு அது சிறிதல்ல.

என்விடியா வரைகலை அட்டையில் வேறு கதை. அட்டைக்குச் சொந்தமான நினைவகம் ரேமில் இல்லாததால் கர்னலின் பிரதியில் அது வராது. டிரைவரே அதை எடுத்து வைக்க வேண்டும். அதற்கான அளவுருவும், ஹைபர்னேட்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் சேவைகளும் இருக்கின்றன. அவை இயக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தாலே பல கருப்புத் திரைகள் விலகும். எடுத்து வைக்கும் இடம் ரேமுக்குள் இயங்கும் தற்காலிக அடைவாக இருந்தால் இடப் பற்றாக்குறை வரும், அதையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது ஆபத்தான விஷயம். இதைப் பெரும்பாலான வழிமுறைகள் ஒரு வரியில் கடந்துவிடுகின்றன, அது பொறுப்பின்மை. ஹைபர்னேட் ஆன லினக்ஸின் பிரதிக்குள், வட்டில் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அதன் நினைவும் அடங்கியிருக்கிறது. மீள்வதில் சிக்கல் என்று ஒருவர் யுஎஸ்பியில் உள்ள வேறொரு லினக்ஸில் தொடங்கி, வட்டை இணைத்து, ஓர் அமைப்புக் கோப்பைத் திருத்துகிறார். பிறகு வழக்கம்போலத் தொடங்குகிறார். இந்த முறை பிரதி சரியாக ஏறிவிடுகிறது. பழைய கர்னலின் மனத்தில் இருக்கும் வட்டு வேறு, எதிரில் இருக்கும் வட்டு வேறு. அது தன் பழைய கணக்கின்படி எழுதத் தொடங்கினால் கோப்பு முறைமை சிதையும். படிக்க மட்டும் இணைத்தால் தப்பில்லை என்று எண்ண வேண்டாம். எக்ஸ்ட்4 அப்போதும் தன் ஜர்னலை வட்டில் நிறைவேற்றும். அப்படித் தொட்டுவிட்டால் அடுத்த தொடக்கத்தில் 'நோரெஸ்யூம்' அளவுருவைக் கொடுத்துப் பிரதியைக் கைவிடுவதே பாதுகாப்பு. இழந்த வேலையைவிட வட்டு பெரிது.

இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினியில் இதே ஆபத்து இரு பக்கமும் உண்டு. 2011-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பல கணினிகளில் விண்டோஸும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அத்தகைய அமைப்பில் லினக்ஸை ஹைபர்னேட் செய்துவிட்டு விண்டோஸுக்குப் போய், இரண்டுக்கும் பொதுவான பகிர்வில் எழுதிவிட்டுத் திரும்புவது அந்தப் பகிர்வைப் பணயம் வைப்பதாகும். மறுபக்கம் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் முறை, அணைத்ததாகக் காட்டிக்கொண்டு கர்னலை ஹைபர்னேட் செய்கிறது. அதனால்தான் லினக்ஸ் அந்தப் பகிர்வில் எழுத மறுக்கிறது. அந்த மறுப்பைக் கட்டாயக் கட்டளையால் மீறச் சொல்லும் குறிப்புகளை நம்பக் கூடாது. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்துவதே வழி.

டிரைவரை ஹைபர்னேட்டுக்கு முன் இறக்கி, பின் ஏற்றும் சின்ன நிரலைப் பற்றி எனக்கு இரண்டு மனம் உண்டு. வைஃபை டிரைவர்தான் தடை என்று சோதனையில் தெரிந்தபின், கணினிச் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி அழைக்கும் அடைவில் நான்கு வரி நிரலை வைத்தால் அன்றே வேலை நடக்கும். தேர்வுக்குப் படிக்கும் மாணவருக்கு அது போதும், வேண்டும். ஆனால் அந்த நிமிடமே பழுது கர்னல் உருவாக்குநரின் பார்வையிலிருந்து மறைகிறது. ஆயிரம் பேர் அதே நான்கு வரியை வைத்துக்கொண்டால் டிரைவரைப் பராமரிப்பவருக்குச் செய்தியே போவதில்லை. தற்காலிக வழியை வைத்துக்கொண்டே அறிக்கையும் அனுப்புவது அதிகப்படியான வேலை என்று தோன்றலாம், அப்படியும் அனுப்ப வேண்டும்.

ஏனென்றால் லினக்ஸின் மிகப் பெரிய பலம் அந்த அறிக்கைக்குப் பின்னால்தான் இயங்குகிறது. நேற்றுவரை ஹைபர்னேட் ஆன கணினி, புதிய கர்னலில் தவறினால், நல்ல பதிப்புக்கும் கெட்ட பதிப்புக்கும் நடுவில் பாதிப் பாதியாக வெட்டிக்கொண்டு போய்த் தவறைக் கொண்டுவந்த ஒரே ஒரு மாற்றத்தைச் சுட்டலாம். ஒரு பதிப்பில் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருந்தாலும் பதினான்கு படி அளவில் அது கிடைத்துவிடும். பயனருக்கு வேலை செய்ததைக் கெடுக்கக் கூடாது என்பதில் டோர்வால்ட்ஸ் கடுமையானவர். மாற்றத்தைச் சுட்டிக் காட்டினால் அது திருத்தப்படும் அல்லது திரும்பப் பெறப்படும். மூடிய இயங்குதளத்தின் பயனருக்கு இந்த வாசல் கிடையாது. ஒவ்வொரு படியிலும் கர்னலைத் தொகுக்க வேண்டும் என்பதால் இது எல்லோருக்கும் எட்டுவதும் இல்லை. இருந்தும், பல பழுதுகள் உண்மையில் தீர்ந்தது இப்படித்தான்.

வழங்கல்கள் இதில் எடுத்த நிலைப்பாடு எனக்கு நிறைவளிக்கவில்லை. உபுண்டு 2012-ல் 12.04 பதிப்பில் ஹைபர்னேட்டை இயல்பாக முடக்கியது. எல்லாக் கணினியிலும் நம்ப முடியாத வசதியைப் பட்டியலில் காட்டாதது நேர்மையான முடிவுதான். ஆனால் முடக்கியதோடு தேவை போய்விடவில்லை; மக்கள் தாமாக இயக்கிக்கொண்டார்கள், சரிபார்க்கும் பொறுப்பும் அவர்கள் தலையில் விழுந்தது. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் ரேமுக்கு மட்டும் மின்சாரம் போகும் பழைய எஸ்3 உறக்கம் இல்லை. பைக்குள் இருக்கும்போதே பேட்டரியைத் தின்னும் புதிய வகை மட்டும்தான். அதனால் ஹைபர்னேட்டின் தேவை கூடியிருக்கிறது. 2023-ல் சிஸ்டம்டி ஒரு நல்ல மாற்றம் செய்தது: பிரதி எழுதிய இடத்தைக் கணினியின் ஈஎஃப்ஐ நினைவில் குறித்து வைத்து, அடுத்த தொடக்கத்தில் அங்கிருந்தே படிக்கிறது. எழுதுவதற்கும் படிப்பதற்கும் நடுவிலிருந்த ஓட்டையை அடைக்க வேண்டிய இடத்தில் அடைத்திருக்கிறார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த வழியில் இன்னும் ஓர் அடி வைக்க வேண்டும். நிறுவல் முடிந்ததும் வழங்கலே டெஸ்ட் ரெஸ்யூமையும் ஒரு முழுச் சுற்றையும் ஓட்டிப் பார்த்து, தேறினால் மட்டும் பொத்தானைக் காட்டட்டும், தேறாவிட்டால் எந்தப் படியில் நின்றது என்று பயனரின் மொழியில் சொல்லட்டும். கருவிகள் எல்லாம் கர்னலில் ஏற்கனவே இருக்கின்றன. அவற்றைக் கோத்துத் தர ஆள்தான் தேவை.

அதுவரை, ஹைபர்னேட் பழுதுக்கு உதவி கேட்கும் வாசகர்களே, இந்த ஐந்தை முதலிலேயே எழுதிவிடுங்கள்: கர்னல் பதிப்பு எது, ஸ்வாப் பகிர்வா கோப்பா இசட்ரேமா, செக்யூர் பூட் இயங்குகிறதா, டெஸ்ட் ரெஸ்யூம் தேறியதா, பிஎம் டெஸ்ட் எந்தப் படியில் நின்றது. உதவி செய்பவர்களும் இந்த ஐந்து தெரியாமல் ஓர் அளவுருவைக்கூடச் சொல்லாதீர்கள்.